பைக்கு 5 காசு: சிங்கப்பூர்ப் பேரங்காடிகளின் பைக் கட்டணம் குறித்து மக்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதியிலிருந்து ஒவ்வொரு பைக்கும் குறைந்தது 5 காசு கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் எங்கள் வட்டாரத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் கூடிப் பேசுகிறவர்கள், சந்தைக்குப் போகும் வழியில் நின்று பேசுகிறவர்கள், உறவினர்கள் எனப் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகள் கோபத்தோடு வந்தவை, சில கவலையோடு வந்தவை. கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

எந்தக் கடைகளில், எந்தப் பைகளுக்குக் கட்டணம்?

ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் உள்ள பேரங்காடி நிறுவனங்களுக்குத்தான் சட்டம் பொருந்தும். அவற்றின் கிளைகள் ஏறத்தாழ 400 இருக்கின்றன. நாட்டிலுள்ள பேரங்காடிகளில் இது மூன்றில் இரண்டு பங்கு. பிளாஸ்டிக், காகிதம், மக்கும் பொருள் என எதனால் செய்யப்பட்டிருந்தாலும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பை என்றால் கட்டணம் உண்டு. காய்கறி, மீன், இறைச்சி போன்றவற்றைப் போட்டுக் கட்டும் கைப்பிடியில்லாத மெல்லிய பைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. 5 காசு என்பது குறைந்த அளவு மட்டுமே. அதற்கு மேல் வைக்க விரும்பும் கடை வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை ஆண்டுகளாக இலவசமாகக் கொடுத்ததற்கு இப்போது ஏன் காசு கேட்கிறார்கள்?

முதலில் வந்த கேள்வி இதுதான், மிகுந்த மனத்தாங்கலோடு வந்ததும் இதுதான். 5 காசு போய்விடுகிறதே என்று வருந்தியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. நூறு வெள்ளிக்குச் சாமான் வாங்கியவரிடம் கடைசியில் பைக்கும் காசு கேட்பது மரியாதைக்குறைவு என்று எண்ணியவர்களே அதிகம். கடைக்காரர் பொருளைப் பையில் போட்டுக் கையில் கொடுப்பதை நாம் விற்பனையின் ஒரு பகுதியாக, வாடிக்கையாளருக்குக் காட்டும் உபசாரமாக நினைத்துப் பழகிவிட்டோம். அந்த உபசாரத்துக்கு விலைச்சீட்டு ஒட்டும்போது மனம் சுருங்குவது இயல்பு. பேராசை, சோம்பல் என்று அதைத் தள்ளிவிடுவது தவறு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் பை எந்தக் காலத்திலும் இலவசமாக இருந்ததில்லை. பை வாங்கிய செலவைக் கடை பொருள்களின் விலையில் சேர்த்துத்தான் வைத்திருந்தது. சொந்தப் பையோடு வந்தவரும், ஐந்து பைகளை இரட்டையாக மாட்டி எடுத்துப் போனவரும் அந்தச் செலவை ஒரே அளவில் சுமந்தார்கள். இப்போது எடுப்பவர் மட்டும் கொடுக்கிறார். இந்த விளக்கத்தைக் கேட்டதும் பலர் அமைதியானதைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் பொருள்களின் விலையைக் குறைத்தார்களா என்று ஒரு பெரியவர் உடனே திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. சட்டம் கடைகளிடம் அதைக் கோரவில்லை.

முன்பு அரசாங்கமே கட்டணம் வேண்டாம் என்று சொன்னதே?

உண்மைதான். 2018ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது, பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகக் காகிதப் பையையோ வேறு பையையோ ஒருமுறை பயன்படுத்தி எறிந்தால் சுற்றுப்புறத்துக்கு நன்மை விளையும் என்று சொல்ல முடியாது என்றும், நாம் குப்பையை எரித்துவிடுகிறோம் என்றும் அரசு விளக்கியது. அந்த விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் அது எந்தப் பை நல்லது என்ற கேள்விக்கு உரிய பதில். இத்தனை பைகள் தேவைதானா என்ற கேள்வி அப்படியே நின்றது.

அந்த இரண்டாவது கேள்வியின் கனத்தை உணர்த்தியது சிங்கப்பூர்ச் சுற்றுப்புற மன்றம் 2018இல் வெளியிட்ட கணக்கு. பேரங்காடிகளிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 82 கோடி பிளாஸ்டிக் பைகள் எடுத்துச் செல்லப்படுவதாக அது கூறியது. அன்றைய மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால், கைக்குழந்தை முதல் முதியவர் வரை தலைக்கு ஏறத்தாழ 145 பைகள் வருகின்றன. 2019இல் வெளியான கழிவில்லாத் தேசத்துக்கான பெருந்திட்டம், குப்பைக்கிடங்குக்குப் போகும் கழிவை 2030க்குள் தலைக்கு 30 விழுக்காடு குறைக்க இலக்கு வைத்தது. 2020இல் பொதுமக்களைக் கொண்டு அமைக்கப்பட்ட பணிக்குழு பைக் கட்டணத்தைப் பரிந்துரைத்தது. சுற்றுப்புற அமைச்சின் அப்போதைய மூத்த துணை அமைச்சர் ஏமி கோர் 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் திட்டத்தை அறிவித்தார். சட்டத்திருத்தம் 2023 மார்ச்சில் நிறைவேறியது.

அதற்கு வெகுகாலம் முன்பே, 2007இல், மாதத்தின் முதல் புதன்கிழமையன்று சொந்தப் பை கொண்டுவரச் சொல்லும் இயக்கத்தைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் தொடங்கியிருந்தது. பை வேண்டுமென்றால் 10 காசு நன்கொடையாகப் போடலாம். கட்டாயம் இல்லாத, ஒரே ஒரு நாளுக்கான ஏற்பாடு என்பதால் விரும்பாதவர்கள் வியாழக்கிழமை கடைக்குப் போனால் போதும். அது பழக்கமாக ஊன்றவில்லை. கட்டாயமாக்க வேண்டிய தேவையை நான் புரிந்துகொண்டது அந்த அனுபவத்திலிருந்துதான்.

பை வாங்காவிட்டால் வீட்டுக் குப்பையை எதில் கட்டுவது?

இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளாமல் சிங்கப்பூரில் எழுந்த எதிர்ப்பைப் புரிந்துகொள்ள முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்து பார்ப்பவர்களுக்கு இதன் அழுத்தம் சட்டென விளங்குவதில்லை.

இந்நாட்டு மக்களில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினர் வீவக வீடுகளில் வசிக்கிறார்கள். பழைய புளோக்குகளில் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் குப்பைக்குழாயின் வாய் இருக்கும். 1989க்குப் பின் வந்த புளோக்குகளில் மாடிக்கு ஒரு பொதுக்குழாய் இருக்கும். இரண்டிலும் குப்பையைக் கட்டாமல் போட்டால், மீன் கழுவிய நீரும் சோற்றுப் பருக்கையும் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கரப்பான்பூச்சி பெருகும், நாற்றம் எல்லா வீட்டுக்கும் ஏறும். அதனால்தான் குப்பையைப் பையில் கட்டிப் போடுங்கள் என்று பல்லாண்டுகளாக நமக்குச் சொல்லித்தந்தார்கள். நாமும் பேரங்காடிப் பைகளை மடித்து, முடிச்சுப் போட்டு, அலமாரியில் சேர்த்து வைத்து, அதற்கே பயன்படுத்தினோம். என் தாயார் ஒரு பையைக்கூட வீணாக்கி நான் பார்த்ததில்லை. சொந்தமாகப் பை கொண்டுபோகச் சொன்னபோது, 'ஒருமுறை பயன்படுத்தி எறிவதாக யார் சொன்னது? நான் இரண்டு முறை பயன்படுத்துகிறேன்' என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை.

அரசும் இதை மறுக்கவில்லை. பைகளை முற்றாகத் தடை செய்யாமல் கட்டணத்தோடு நிறுத்திக்கொண்டதற்கு, குப்பையைச் சுகாதாரமாகக் கட்டிப்போட மக்களுக்குப் பை வேண்டும் என்பதும் ஒரு காரணம். பை பயன்பாட்டைப் பூஜ்யமாக்குவது நோக்கமில்லை, தேவையானதை மட்டும் எடுக்கச் செய்வதே நோக்கம் என்று அமைச்சு தெளிவாகவே சொன்னது. எனவே குப்பைக்கு வாரம் மூன்று பை வேண்டுமென்றால் மூன்று பை வாங்குங்கள். அதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை. ரொட்டி வந்த உறை, அரிசி வந்த பை, கழிவறைத்தாள் கட்டி வந்த பெரிய உறை ஆகியவையும் குப்பை கட்ட நன்றாகவே உதவும். எங்கள் வீட்டில் இப்போது 5 கிலோ அரிசிப் பைதான் சமையலறைக் குப்பைக்கு.

கையில் இருக்கும் பைகளைவிடக் குப்பை குறைவாகவே சேரும் வீடுகள் ஏராளம். சமையல் தொட்டிக்குக் கீழே பைகளை அடைத்த பை ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று சேர்ந்துகிடப்பதைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். கட்டணம் குறிவைப்பது அந்த உபரியைத்தான். இதைத் தொடக்கத்திலேயே இப்படிச் சொல்லியிருந்தால் எங்கள் புளோக்கில் பாதி வாக்குவாதம் எழுந்திருக்காது என்பது என் எண்ணம்.

குப்பைப் பை தனியாக வாங்குவதற்கு இது சமம்தானே? பிளாஸ்டிக் எங்கே குறைகிறது?

இலவசப் பை நின்றதும் சிலர் சுருள் சுருளாகக் குப்பைப் பை வாங்கத் தொடங்கினார்கள் என்பது மெய். பைக்கு விலை வைத்த பிற நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. அதனால் கடையில் குறைந்த பைகள் அனைத்தும் அப்படியே பிளாஸ்டிக் மிச்சம் என்று கணக்கிடக் கூடாது. இருந்தாலும் காசு கொடுத்து வாங்கிய பையை யாரும் பாதி நிரப்பி எறிவதில்லை. நிறைந்த பிறகுதான் முடிச்சுப் போடுகிறோம். நிகரக் குறைவு அங்கே கிடைக்கிறது.

விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் இதையும் சேர்க்க வேண்டுமா?

2023 ஜனவரியில்தான் பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது; அடுத்த ஜனவரியில் அது 9 ஆகவிருந்தது. மளிகை விலையும் கோப்பிக்கடை விலையும் ஏறிய ஆண்டு அது. அந்த வேளையில் வந்த எந்தப் புதிய கட்டணமும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், சுமையின்மேல் வைத்த சுமையாகத்தான் தெரியும். வாரத்துக்கு நான்கு பை எடுக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 10 வெள்ளி 40 காசு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால், 'இவ்வளவுதானா' என்று சிலர் சொல்வார்கள். ஒரு வெள்ளியைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் வாடகை வீட்டு முதியவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

குறைந்த வருமானக் குடும்பங்களைப் பற்றிய கவலை நாடாளுமன்ற விவாதத்திலும் எழுந்தது. கட்டணம் தொடங்குவதற்கு முன்பு மறுபடி பயன்படுத்தக்கூடிய பைகளை வட்டார அமைப்புகளும் நிறுவனங்களும் குடும்பங்களுக்கு வழங்கின. அது நல்ல ஏற்பாடு. ஆனால் சாமான் தூக்கிவர நல்ல பை தருவதால் குப்பை கட்டும் பையின் தேவை தீர்வதில்லை. அந்த வீடுகளுக்கு இரண்டையும் கொடுத்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த 5 காசு யாருக்குப் போகிறது?

கடைக்கே போகிறது. இது அரசு வசூலிக்கும் வரி இல்லை. கடை அந்தத் தொகையை இன்னதற்குத்தான் செலவிட வேண்டும் என்றும் சட்டம் வரையறுக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் எத்தனை பைகள் கொடுத்தது, எவ்வளவு பணம் வந்தது, அதை என்ன செய்தது என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அறப்பணிக்கோ சுற்றுப்புறப் பணிக்கோ செலவிடும்படி அரசு கேட்டுக்கொண்டது.

மக்களின் ஐயம் வலுவாக இருந்த இடங்களில் இது ஒன்று. 'நம்மிடம் வாங்கி நம் பெயரில் அவர்கள் தானம் செய்கிறார்களா' என்று ஒருவர் கேட்டார். பணம் பொது நிதிக்குப் போய், அது எங்கே செலவாகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தால் மக்களின் மனம் சமாதானமாகும். அயர்லாந்தில் பை வரி சுற்றுச்சூழல் நிதியில் சேர்ந்தது. மலேசியாவின் பினாங்கில் பைக்கு 20 காசு வசூலித்தபோது மாநிலத்தின் வறுமை ஒழிப்பு நிதிக்கு அதை அனுப்பினார்கள். நம் ஏற்பாட்டில் கணக்கு வெளியிடும் கடமை இருப்பது பாராட்டத்தக்கது. அந்தக் கணக்கை நிறுவனத்தின் இணையப்பக்கத்தில் வைப்பதோடு நிறுத்தாமல், கடை வாசலில் நான்கு மொழிகளிலும் ஒட்டிவைத்தால் ஐயம் பாதி குறையும்.

எல்லாவற்றையும் எரித்துவிடுகிறோமே, கடலுக்குப் போகாத பையால் என்ன கெடுதல்?

நம் குப்பை எரியாலைகளில் எரிந்து, கன அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சாம்பலும் எரிக்க முடியாத கழிவும் துவாஸிலிருந்து படகில் ஏற்றப்பட்டு, புலாவ் செமாக்காவ் குப்பைக்கிடங்கில் கொட்டப்படுகின்றன. 1999இல் திறக்கப்பட்ட அந்தத் தீவுக் கிடங்குதான் நமக்கு எஞ்சியிருக்கும் ஒரே கிடங்கு. இப்போதைய வேகத்தில் போனால் 2035 வாக்கில் அது நிரம்பிவிடும். பையின் சாம்பல் சிறிதளவுதான் என்பது சரி. ஒரு பை செமாக்காவை நிரப்பிவிடாது. ஆனால் பையைச் செய்யப் பெட்ரோலியப் பொருளும் ஆற்றலும் செலவாகின்றன, எரிக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. கால் மணி நேரம் சாமான் சுமக்க இவ்வளவு செலவு தேவையா என்பதுதான் கேள்வி.

கடலாமைப் படத்தைக் காட்டி இந்தக் கட்டணத்தை விளக்கியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். நம் நாட்டில் பெரும்பாலான பைகள் எரியாலைக்குப் போகின்றன என்று தெரிந்தவர்களுக்கு அது பொருந்தாத விளக்கமாகத் தோன்றியது. ஒரு விளக்கம் பொருந்தாதபோது திட்டத்தையே சந்தேகிக்கிறார்கள். இங்குள்ள காரணத்தை உள்ளபடி சொல்வதே மேல்.

காகிதப் பைக்கும் துணிப்பைக்கும் என்ன குறை? அவை நல்லவைதானே?

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பைகளின் முழு ஆயுளையும் கணக்கிட்டது. சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒருமுறை பயன்படுத்தி எறிவதால் பருவநிலைக்கு ஏற்படும் பாதிப்பைவிடக் கீழே இறங்க வேண்டுமானால், காகிதப் பையை 3 முறையும், பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் முடிவு. காகிதப் பை மழையில் நனைந்தால் வீடு வந்து சேராது. மூன்று முறைக்கு எங்கே போவது? அதனால்தான் இங்கே காகிதத்துக்கும் கட்டணம் வைத்தார்கள், அது சரியான முடிவு.

பருத்திப் பையைப் பற்றிய எண்ணைக் கேட்டு யாரும் மனம் தளர வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை கடைக்குப் போனால் இரண்டரை ஆண்டில் 131 முறை ஆகிவிடும். நம் வீடுகளில் மஞ்சள் துணிப்பைகள் அதைவிட நீண்ட காலம் உழைத்திருக்கின்றன. திருமண வீட்டில் தேங்காயும் வெற்றிலையும் வைத்துக் கொடுத்த பை, கைப்பிடி இற்றுப்போகும்வரை சந்தைக்குப் போய் வந்தது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு துணிப்பையை அன்பளிப்பாகக் கொடுப்பதில்தான். அலமாரியில் முப்பது துணிப்பைகள் இருந்தால் எந்தப் பையும் 131ஐத் தொடாது. வீட்டில் நான்கைந்து நல்ல பைகள் போதும்; அதற்கு மேல் யார் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

காய்கறிப் பகுதியில் இருக்கும் மெல்லிய பைகளைக் கொத்தாக எடுத்துப் போகிறார்களே?

சிலர் எடுக்கிறார்கள், கட்டணம் தொடங்கிய நாள்களில் இந்தக் குறை அதிகமாகக் கேட்டது. ஈரமான மீனும் கோழியும் மற்ற பொருள்களில் ஒழுகக் கூடாது என்ற சுகாதாரக் காரணத்துக்காகத் தரப்பட்ட விலக்கு அது. எல்லாரும் அதைக் கொத்தாக எடுத்தால், ஒருநாள் அந்த விலக்கும் போய்விடும்.

சுயகட்டண முகப்பில் பைக்குக் காசு போடாமல் எடுப்பதைக் கடை பொருட்படுத்தாதுதானே?

பணம் செலுத்தாமல் எடுப்பது சட்டப்படி திருட்டுதான்; 5 காசுப் பொருள் என்பதால் அது மாறாது. ஆனால் கட்டணம் வந்த புதிதில் நடந்தவற்றில் பெரும்பகுதி குழப்பத்தால் நடந்தது. பையை முதலில் வருட (ஸ்கேன் செய்ய) வேண்டுமா, கடைசியில் எண்ணிக்கையை அழுத்த வேண்டுமா, முன்கூட்டியே எத்தனை பை தேவைப்படும் என்று எப்படித் தெரியும் என்று முதியவர்கள் திணறினார்கள். பின்னால் வரிசை நிற்கும், திரையில் எழுத்து சிறியதாக இருக்கும், மொழியும் சிலருக்குப் பழக்கமில்லை. அப்படித் தடுமாறிய ஒரு பாட்டியைச் சுற்றியிருந்தவர்கள் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்ததை ஒருமுறை கண்டேன். அவர் பையைத் திரும்ப வைத்துவிட்டு, சாமானைக் கையில் அணைத்துக்கொண்டு போனார். அந்தக் காட்சி எனக்கு இன்றும் வலிக்கிறது. முகப்பில் ஓர் ஊழியர் நின்று உதவுவது இத்தகைய கடைகளுக்குக் கூடுதல் செலவாக இருக்கலாம்; என்றாலும் புதிய விதி எது வந்தாலும் முதல் சில மாதங்களுக்கு அது கட்டாயம் தேவை.

மற்ற நாடுகளிலும் மக்கள் எதிர்த்தார்களா?

எதிர்த்தார்கள், பிறகு பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள்.

அயர்லாந்து 2002 மார்ச் 4 அன்று பைக்கு 15 சென்ட் வரி விதித்தது. வணிகர்கள் முதலில் அஞ்சினார்கள்: வாடிக்கையாளர் கடைக்காரரைத்தான் திட்டுவார், திருட்டு பெருகும் என்று. ஆனால் தலைக்கு ஆண்டுக்கு 328 ஆக இருந்த பைகள் 21 ஆகக் குறைந்தன. வேலியிலும் மரத்திலும் தொங்கிய பைகள் மறைந்தன. நாட்டின் குப்பைச் சிதறலில் 5 விழுக்காடாக இருந்த பிளாஸ்டிக் பை ஓராண்டுக்குள் அரை விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. கண்ணெதிரே தெரு சுத்தமானதைப் பார்த்த மக்கள் வரியைத் தங்கள் பெருமையாகவே பேசினார்கள். வரியை ஆராய்ந்த பொருளியலாளர்கள், ஐரோப்பாவிலேயே மக்கள் மிக விரும்பும் வரி இதுதானா என்று கேட்கும் நிலை வந்தது.

இங்கிலாந்து வேல்ஸுக்கு நான்கு ஆண்டு பின்னால், 2015 அக்டோபர் 5 அன்றுதான் 5 பென்ஸ் கட்டணத்தைத் தொடங்கியது. கடைகளில் பெருங்குழப்பம் நேரும் என்று தொடங்குமுன் எழுதிய நாளிதழ்கள் உண்டு. பச்சை இறைச்சி, பொட்டலமிடாத உணவு, மருந்துச்சீட்டு மருந்து என விலக்குகள் நீண்டதால், எதற்குக் கட்டணம், எதற்கு இல்லை என்ற கேலியும் எழுந்தது. ஆயினும் பெரிய பேரங்காடிகளில் பயன்பாடு காலப்போக்கில் 95 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. கட்டணம் வந்த பின்பு அதற்கான ஆதரவு முன்பிருந்ததைவிடக் கூடியதாக அங்கே ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஒன்றை மட்டும் அங்கிருந்து எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். 'ஆயுளுக்கும் பை' என்று விற்ற தடித்த பிளாஸ்டிக் பையை மக்கள் வாரந்தோறும் வாங்கி எறியத் தொடங்கினார்கள். மெல்லிய பை குறைந்த இடத்தில் தடித்த பை பெருகியது.

நமக்கு அருகில் பினாங்கு 2009இல் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பை இல்லை என்று தொடங்கி, நாள்களைக் கூட்டிக்கொண்டே போய், 2011 ஜனவரியில் எல்லா நாளும் என்று ஆக்கியது. மக்கள் பழகக் கால அவகாசம் கொடுத்த அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கே உண்மையில் குறைந்ததா?

குறைந்தது. கட்டணம் வந்த முதல் சில மாதங்களிலேயே பை எடுப்பது பாதிக்குமேல் குறைந்ததாகவும், சில இடங்களில் 80 விழுக்காடு வரை இறங்கியதாகவும் பெரிய பேரங்காடிகள் தெரிவித்தன. சட்டம் வருமுன்பே ஃபேர்பிரைஸ் தன் சில கிளைகளில் 2019 முதல் பைக்குக் காசு வாங்கிப் பார்த்திருந்ததால், இறக்கம் இருக்கும் என்பது எதிர்பார்த்ததுதான். வேகம்தான் பலரையும் வியக்க வைத்தது.

5 காசைச் சேமிக்க நினைத்துத்தான் இத்தனை பேர் மாறினார்கள் என்று நான் நம்பவில்லை. அதைவிடப் பெரிய செலவுகளை நாம் யோசிக்காமல் செய்கிறோம். முன்பு காசாளர் கேட்காமலே பையை விரித்துவிடுவார். வேண்டாம் என்று சொல்ல நாம் வாய் திறக்க வேண்டியிருந்தது. இப்போது வேண்டும் என்று சொல்லத்தான் வாய் திறக்க வேண்டும். ஒரு பாக்கெட் பாலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கியவர் அந்த ஒரு நொடியில் தன் கையைப் பார்க்கிறார், கையில் பிடித்துப் போய்விடலாம் என்று தெரிகிறது. மாற்றம் அந்த நொடியில் நடக்கிறது.

ஈரச்சந்தை, உணவங்காடி, பக்கத்து மளிகைக்கடை?

அவற்றுக்குச் சட்டம் பொருந்தாது. சிறு வணிகர்மீது கணக்கு எழுதும் சுமையை ஏற்றக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் தேக்கா சந்தையில் கீரைக்கு ஒன்று, கொத்தமல்லிக்கு ஒன்று, மீனுக்கு இரண்டு என்று இன்றும் பைகள் கைமாறுகின்றன. ஒருகாலத்தில் பிரம்புக்கூடையோடு சந்தைக்குப் போய், மீனை இலையிலும் காய்கறியை நாளிதழ்த் தாளிலும் சுற்றி வாங்கிவந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. கூடையை நீட்டினால் எந்தக் கடைக்காரரும் மறுப்பதில்லை.

பழகிய பிறகு கட்டணத்தை உயர்த்துவார்களா?

பிற இடங்களில் உயர்த்தியிருக்கிறார்கள். அயர்லாந்தில் பைகளின் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியதும் 2007இல் 15 சென்ட் 22 ஆனது. இங்கிலாந்தில் 2021இல் 5 பென்ஸ் 10 ஆனது. ஹாங்காங்கில் 50 சென்டாக இருந்தது 2022ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து ஒரு ஹாங்காங் வெள்ளி. சிறு தொகை நாளடைவில் கண்ணில் படாமல் போய்விடும் என்பதே காரணம். இங்கும் அந்தப் பேச்சு எழுமானால், குறைந்த வருமான வீடுகளின் குப்பைப் பைக்கு என்ன வழி என்பதை முதலில் தீர்த்துவிட்டு உயர்த்த வேண்டும்.

பை எடுத்துவர எப்போதும் மறந்துவிடுகிறேன். என்ன செய்வது?

மறப்பது எல்லாருக்கும் நடக்கிறது. வேலையிலிருந்து திரும்பும் வழியில்தான் பலர் கடைக்குள் நுழைகிறார்கள். வீட்டிலிருந்து திட்டமிட்டுக் கிளம்புவதில்லை. எனவே பை வீட்டில் இருந்து பயனில்லை. சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும் பை ஒன்றை அன்றாடம் தூக்கும் கைப்பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். சாமானை எடுத்து வைத்து முடித்ததும் பையைச் சமையலறையில் விடாமல், வாசலில் காலணி அடுக்கின்மேல் வையுங்கள். மறுநாள் வெளியே கிளம்பும்போது கண்ணில் படும். அப்படியும் மறந்துபோன நாளில் 5 காசு கொடுத்து ஒரு பை வாங்கி, வீட்டுக்கு வந்ததும் அதைக் குப்பைக்கு எடுத்துவையுங்கள். என் தாயார் இப்போது செய்வது இதைத்தான்.